ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு

நீரின்றி வாடிய உருளைக்கிழங்குச் செடி, தண்ணீர் பாய்ச்சினால் தலை நிமிரும். பாக்டீரியா வாடல் நோய் கண்ட செடிக்குத் தண்ணீர் பாய்ச்சினாலோ, நோய் அடுத்த பாத்திக்கும் பரவும். வாட்டம் பார்வைக்கு ஒன்றாயினும் காரணம் வேறு என்பதைப் பழனி மலைக் குடியானவர்கள் நன்கறிவார்கள். ஆகாரம் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் பொதுவாய்ச் சொல்வதிலும் இவ்வாறே இரு வேறு நிலைமைகள் அடங்கியுள்ளன. ஒன்றிற்கு ஏற்ற பரிகாரம் மற்றொன்றிற்கு அபாயமாகும்.

இதனை நான் என் பிழையினாலேயே கற்றுக்கொண்டேன். பால் அருந்தினால் எனக்கு வயிறு உப்பிப் பேதியாகும். தயிரும் மோரும் தீங்கு செய்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, பூண்டு விதை நேர்த்தியைச் செய்து காட்ட மேல்மலைக் கிராமம் ஒன்றிற்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டு அம்மாள் தம் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று கூறினார். "தயிர் கொடுத்துப் பாருங்கள் அம்மா, எனக்கும் அப்படித்தான்" என்றேன். ஒரு கரண்டி ஊட்டிய சில நிமிஷங்களில் குழந்தையின் உதடு வீங்கிற்று. உடலெங்கும் தடிப்பு எழும்பி, மூச்சு இரைக்கலாயிற்று. தெருவில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டியிலேயே கோடைக்கானலுக்கு விரைந்தோம். ஊசி போட்ட பின்னர்க் குழந்தை பிழைத்தது. அவ்வண்டி அங்கு நில்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவும் அஞ்சுகிறேன்.

செரியாமை யாதெனில்

பாலிலுள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதனைச் சிறுகுடலில் பிரிக்கும் நொதி, வயது ஏறியபின் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. பிரியாத சர்க்கரை பெருங்குடலிற் புளித்து, வாயுவையும் பேதியையும் உண்டாக்கும். இது அளவைப் பொறுத்தது. அரை டம்ளர் தாங்குபவருக்கு இரண்டு டம்ளர் தாங்காதிருக்கலாம். உறையிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பகுதியை உட்கொண்டு விடுவதால், இத்தகையோர் தயிரைப் பெரும்பாலும் தாங்குவர். துன்பம் உண்டே தவிர, உயிருக்கு அபாயம் இல்லை.

ஒவ்வாமை யாதெனில்

இங்கே குற்றவாளி சர்க்கரையன்று, புரதம். தேகத்தைக் காக்கும் சக்தியானது அப்புரதத்தைப் பகையென்று தவறாகக் கொண்டு போர் தொடுக்கின்றது. 1906ஆம் ஆண்டில் கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்னும் ஆஸ்திரிய வைத்தியர் 'அலர்ஜி' என்னும் பெயரை வழங்கினார். மிகச் சிறிய அளவும் இதற்குப் போதும். பால் தயிரானாலும், மோரானாலும், பாலாடைக் கட்டியானாலும் புரதம் நீங்குவதில்லை. நெய்யிலும் சிறிது தங்கும். எருமைப் பாலும் ஆட்டுப் பாலும் மாற்றாக மாட்டா. பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய் சேர்வதால், பிரசாதமேயாயினும் பால் ஒவ்வாத குழந்தையின் வாயில் வைக்கலாகாது.

முட்டை, மீன், இறால், நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள், கோதுமை, சோயா ஆகியவையும் சிலருக்கு ஒவ்வாதவை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிற் கடலைப் புரதம் கலந்திருக்கக்கூடும். முந்திரி கிளறிய கரண்டியாலேயே அடுத்த பாத்திரத்தைக் கிளறுவதும் ஆபத்தே.

பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும், சரிவர வேகாத பீன்ஸ் விதையும் உண்டாக்கும் வாந்தி இவ்விரண்டிலும் சேராது. அவற்றிலுள்ள நச்சு எவரையும் தாக்கும். முன்னதை விலக்கவும், பின்னதை ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, நன்கு கொதிக்க வேகவைக்கவும்.

அபாயம் நேரின் செய்யத்தக்கவை

1. உண்ட சிறிது நேரத்தில் உதடு அல்லது நாக்கு வீக்கம், உடல் தடிப்பு, குரல் கம்மல், மூச்சிரைப்பு, மயக்கம் இவை கண்டால் தாமதியாமல் 108க்குச் சொல்லவும். வண்டி வரத் தாமதமாகுமெனில், கையிலுள்ள வாகனத்திற் புறப்படவும்.

2. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தவும். எழுந்து நடக்க விடலாகாது. மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவைக்கவும்.

3. இதற்கு முதன்மையான மருந்து அட்ரினலின் ஊசியேயாகும். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. கைவைத்தியத்திற் காலங்கடத்தலாகாது.

4. தெளிந்தபின்னரும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடுமாதலால், மருத்துவர் அனுப்பும்வரை மருத்துவமனையிலேயே இருக்கவும்.

கிராமத்தார் கடமை

ஒரு தரம் இவ்வாறு நேர்ந்தவரை ஒவ்வாமை வைத்தியம் அறிந்த மருத்துவரிடம் காட்டி, எப்பொருள் ஒவ்வாதது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். வீட்டில் ஊட்டிச் சோதிக்கலாகாது. அன்னதானம், கலியாணம் நடத்துவோர் எந்தப் பண்டத்தில் என்ன சேர்ந்துள்ளது என்று கேட்போருக்கு மெய்யாய்ச் சொல்லவேண்டும். மறுப்பவரை உபசாரத்தின் பேரில் வற்புறுத்தலாகாது. பொட்டலமிட்டுச் சாக்லேட் முதலியன விற்போர், 2020ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி பால், நிலக்கடலை, கொட்டைகள், கோதுமை போன்றவை சேர்ந்திருப்பின் அதனைச் சீட்டில் குறித்தல் வேண்டும். கிராம அலுவலர்கள் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒவ்வாமையுள்ள குழந்தைகளின் பெயர்களையும், அவர்களுக்கு விலக்கவேண்டிய பண்டங்களையும் சமையல் செய்வோர் அறியும்படி செய்வது நலம்.

'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒருவர் சொன்னால், இனி மாற்று உணவு கூறுமுன் வயிறு உப்பியதா, உதடு வீங்கியதா என்று முதலிற் கேட்குமாறு அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்.