வாடகை மனையும் கள்வர் காப்பும்

ஆண்டுதோறும் நம் கல்லூரி மாணவர் பலர் உயர்கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் கொழும்பு மாநகர் சேர்கின்றனர். அவருட் பலர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகிய இடங்களிலுள்ள தொடர்மாடிகளில் வாடகைக்குக் குடியமர்கின்றனர். பிள்ளைகளுடன் வந்து தங்கும் முதிய பெற்றோரும் உளர். வீடு பிறருடையது, ஆயின் உள்ளேயிருக்கும் உயிரும், சான்றிதழும், கடவுச்சீட்டும், தாலிக்கொடியும் நம்முடையன. சொந்தக்காரரின் சுவரைச் சிதைக்காமலும் பெரும்பொருள் செலவிடாமலும் அத்தகைய மனையை எங்ஙனம் காக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருளாம்.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே, கோவலனைக் கள்வன் என நம்பத் தயங்கிய காவலருக்குப் பொற்கொல்லன் கள்வரின் எட்டுத் துணைகளை எடுத்துரைக்கின்றான். உரைத்தவன் தானே கள்வன் என்பது நாம் அறிந்ததே. அவ்வெட்டனுள் இறுதியில் நிற்பவை இடம், காலம், கருவி என்னும் மூன்றாம். மந்திரமும் மருந்தும் இன்று வழக்கொழிந்தன, இம்மூன்றும் ஒழிந்தில. இவற்றைக் கள்வனுக்குக் கிட்டாமற் செய்வதே காப்பு எனப்படும்.

முதற்கண் கருவியை நோக்குவோம். கள்வன் கைக்கு எட்டக்கூடிய கருவிகளுள் தலைசிறந்தது அலவாங்கு அன்று. நம் கதவின் திறப்பே. வெள்ளவத்தையில் யாம் வாடகைக்குக் குடியேறிய மூன்றாம் மாதத்தில், ஒருநாள் மாலை, முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் தம்மிடமிருந்த திறப்பினால் எம் கதவைத் திறந்து உள்ளே வந்தார். அவர் எமக்கு முன்னிருந்தவரின் தம்பி. தமையன் வேறிடம் பெயர்ந்ததை அறியாமல் வந்தவர். நாணி, மன்னிப்புக் கேட்டு, திறப்பையும் தந்துவிட்டுச் சென்றார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. முன்னர் வாழ்ந்தோர், வேலைக்கு வந்தோர், தரகர் ஆகியோருள் எவரிடம் இன்னும் எத்தனை திறப்புகள் உள்ளன என்பதை யாரே அறிவார்?

இன்று பல கதவுகளிற் காணப்படும் உருளைப் பூட்டு, அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1861ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்ற அமைப்பைத் தழுவியது. அதனுள்ளே வெவ்வேறு நீளமுடைய சிறு ஊசிகள் விற்சுருள்களால் அழுத்தப்பட்டு நிற்கும். உரிய திறப்பின் பற்கள் அவ்வூசிகளைச் சரியான மட்டத்துக்கு உயர்த்தும்போதே உருளை சுழலும். ஆதலின், இவ்வகைப் பூட்டுகள் பலவற்றில் உருளையை மட்டும் மாற்றினாற் போதும். பழைய திறப்புகள் யாவும் பயனற்றுப் போம். சொந்தக்காரரின் இசைவைப் பெற்று மாற்றுக. பழைய உருளையைப் பேணி வைத்தால், வீடு விட்டுச் செல்லும்போது அதனை மீளப் பொருத்திவிடலாம்.

இரண்டாவது இடம். கதவு உதைபடும்போது பெரும்பாலும் முறிவது பூட்டன்று. பூட்டின் நாக்கை ஏற்கும் தகடு பொருத்தப்பட்ட நிலையின் மரமே. அத்தகடு சிறிய திருகாணிகள் இரண்டினால் மட்டும் நிற்குமாயின், விலையுயர்ந்த பூட்டும் வீணே. அவற்றை நீக்கி, 3 அங்குலத் திருகாணிகளை நிலையின் உள்ளே ஆழச் செலுத்துவிக்க. பல்கணியில் இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு இருப்பின், அதன் கீழ்த் தடத்தில் அளவாக வெட்டிய மரக்கோல் ஒன்றை இடுக. அக்கதவைத் தூக்கிக் கழற்றக்கூடிய இடைவெளி மேலே உண்டோ என்றும் நோக்குக. கீழ்மாடியில் இருப்போர் மதிலையும், மேன்மாடியில் இருப்போர் மொட்டைமாடிப் படியையும் மறத்தலாகாது.

மூன்றாவது காலம். இலண்டனில் பிராமா என்பாரின் நிறுவனத்தார், தம் பூட்டைத் திறப்பின்றித் திறப்போருக்கு 200 கினி பரிசளிப்பதாகப் பல ஆண்டுகளாக அறைகூவி வந்தனர். 1851ஆம் ஆண்டில் ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர் அதனைத் திறந்து பரிசு பெற்றார். அதற்கு அவர் 16 நாட்களில் 51 மணி நேரம் உழைக்க நேர்ந்தது. திறக்க முடியாத பூட்டு உலகில் இல்லை. பூட்டு நமக்குத் தருவது நேரமே. ஐம்பத்தொரு மணி எந்தக் கள்வனுக்கும் வாய்க்காது. ஆனால் காண்பார் இல்லாவிடின் அரைமணி வாய்க்கும்; அதுவே அவனுக்கு அமையும்.

நம் ஊரிலே படலையின் கொக்கியை ஒரு சிறுவனும் நீக்குவான். ஆயினும் அந்நியன் ஒருவன் ஒழுங்கையில் நுழைந்தால், "தம்பி, யாரைத் தேடுகிறீர்?" என்று ஒரு குரல் எழும். தொடர்மாடியிலோ, இரும்புக் கதவுகள் உள, அக்குரல் இல்லை. எதிர்க்கதவில் வாழ்பவரின் பெயரையும் அறியாது ஆண்டுகள் பல கழிக்கின்றோம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் செல்லும்போது, நம்பிக்கையான அயலவர் ஒருவரிடம் சொல்லிச் செல்க. வாசலிற் சேரும் பத்திரிகையை எடுத்து வைக்கவும் வேண்டுக. ஐயம் தோன்றின் தாமே சென்று பொருதாமல் 119 என்னும் பொலிஸ் இலக்கத்தை அழைக்க.

ஓர் எச்சரிக்கையும் கூறல் கடன். இரவில் இரும்புக் கதவுக்கு உட்புறம் ஆமைப்பூட்டு இடுவோர், அதன் திறப்பை வெளியிலிருந்து கை எட்டாததும், வீட்டார் அனைவரும் இருளிலும் அறியக்கூடியதுமான ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். கள்வனை வெளியே நிறுத்தும் பூட்டு, தீப்பற்றும் வேளையில் முதியோரையும் குழந்தைகளையும் உள்ளே நிறுத்திவிடலாகாது.

புது மனையிற் குடிபுகும் நாளிலே பால் காய்ச்சுதல் நம் வழக்கு. அன்றே உருளையை மாற்றுவிக்க. நிலையின் திருகாணியை நோக்குக. காய்ச்சிய பாலில் ஒரு குவளையை எதிர்வீட்டாருக்குக் கொடுத்து அவர் பெயரைக் கேட்டறிக. முன்னைய இரண்டும் கள்வனைத் தாமதிக்கச் செய்யும். அத்தாமதத்தைப் பயன்படச் செய்வது மூன்றாவதே.