நாணயச் சந்தையும் கோழிச் சாறும்

நாடு விட்டு நாடு செல்லும் பண்டத்திற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்கப் பயன்படும் நாணயத்திற்கும் விலை உண்டு. ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று நாளிதழ்கள் அச்சிடுவது அந்த விலையைத்தான். நெல்லையும் பருத்தியையும் போல நாணயத்தையும் வாங்கலாம், விற்கலாம். இதுவே நாணய வாணிகம். பன்னாட்டுத் தீர்வக வங்கி 2022 ஏப்ரலில் எடுத்த கணக்கின்படி, இச்சந்தையில் ஒரு நாளில் கைமாறிய தொகை ஏறத்தாழ 7.5 லட்சம் கோடி டாலர்!

இவ்வளவு பெரிய கடலில் நாமும் ஒரு குடம் முகந்துகொண்டால் என்ன என்ற ஆசை இன்று மாணவர் விடுதிகளில் பரவி வருகிறது. கைபேசியில் ஒரு செயலி, கையில் பத்தாயிரம் ரூபாய், துணைக்கு ஊக்கமூட்டும் ஒரு நண்பர். இவை போதும் என்று எண்ணுகிறோம். போதுமா என்பதை ஒரு விஞ்ஞான மாணவன் அறிந்த அளவில் நம் மன்றத்து அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். இடையே ஒரு கோழிச் சாறும் கொதிக்கும். அதன் காரணம் அங்கே விளங்கும்.

விலை எவ்வாறு அமைகிறது?

ஒரு காலத்தில் ரூபாயின் விலையை அரசே நிர்ணயித்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை 1966 ஜூன் 6ஆம் நாள் 7.50 ரூபாய் என மாற்றினார்கள். 1991 ஜூலையில் இரு தவணைகளில் மீண்டும் மதிப்பைக் குறைத்தார்கள். 1993 மார்ச்சு முதல் சந்தையே விலையைத் தீர்மானித்து வருகிறது. ஏற்ற இறக்கம் மிகும்போது ரிசர்வ் வங்கி தலையிடும். எண்ணெய் இறக்குமதிக்கு டாலர் வேண்டும். அதனால் டாலரின் தேவை கூடும். மென்பொருள் ஏற்றுமதியும், வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணமும் டாலரைக் கொண்டுவரும். அதனால் வரத்துக் கூடும். வட்டி, விலைவாசி, போர், அச்சம் ஆகிய ஒவ்வொன்றும் இந்தத் தராசை அசைக்கும்.

இவற்றைக் கற்பது நல்ல கல்வியே. ஆனால் நேற்றைய விலை ஏறியதன் காரணத்தை அறிவது வேறு. நாளைய விலை ஏறுமா என்று அறிவது வேறு. 1900இல் லூயி பாஷெலியே என்னும் பிரெஞ்சு அறிஞர், சந்தை விலையின் அசைவை நிகழ்தகவுக் கணிதத்தால் விளக்கினார். நீரில் மிதக்கும் நுண்துகளின் தள்ளாட்டத்துக்கு ஐன்ஸ்டைன் 1905இல் தந்த கணக்கும் அதே இனத்தைச் சேர்ந்தது. குறுகிய காலத்தில் விலை ஏறுமா இறங்குமா என்பது பெரும்பாலும் காசைச் சுண்டிப் பார்ப்பது போன்றதே.

சரி, பூவா தலையா ஆட்டம் இருவருக்கும் சமம்தானே எனலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கையில் 10 காசு. எதிராளியிடம் 990 காசு. ஒவ்வொரு முறையும் ஒரு காசு பந்தயம். ஒருவர் கை வெறுமையாகும் வரை ஆட்டம். சுண்டும் காசில் எந்தக் கோணலும் இல்லை. ஆயினும் நீங்கள் வெறுங்கையோடு எழுந்திருக்கும் வாய்ப்பு 100க்கு 99. சிறிய மடிதான் முதலில் காலியாகும். இது கணித விதி.

நெம்புகோலின் மறுமுனை

இனி 'லெவரேஜ்' என்பதைப் பார்ப்போம். இது நெம்புகோல்தான். பத்தாயிரம் ரூபாயை முன்பணமாகக் கட்டுங்கள். அதைப்போல் நூறு மடங்கு, அதாவது பத்து லட்சம் ரூபாய்க்கு வாணிகம் செய்யலாம் என்று செயலிகள் அழைக்கின்றன. விலை உங்கள் பக்கம் ஒரு விழுக்காடு நகர்ந்தால் பணம் இரட்டிப்பாகும். எதிர்ப்பக்கம் ஒரு விழுக்காடு நகர்ந்தாலோ, பத்தாயிரமும் போயிற்று. ஒரு விழுக்காடு என்பது நாணயச் சந்தையில் ஒரே நாளில் நிகழக்கூடிய அசைவு.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி வேறு இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்று அதை அலட்சியம் செய்யலாகாது. பத்து லட்சத்தில் அது 100 ரூபாய். உங்கள் முதலில் ஒரு விழுக்காடு. நாளொன்றுக்குப் பத்து முறை வாங்கி விற்றால், விலை அசையாமலே முதலில் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். பாதி முதலை இழந்தவன் பழைய நிலைக்கு வர, மீதியை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

'நட்டம் இந்த அளவைத் தொட்டால் விற்றுவிடு' என்று முன்கூட்டியே கட்டளை கொடுத்து வைக்கலாமே என்பார்கள். 2015 ஜனவரி 15ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் மைய வங்கி, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் காத்துவந்த எல்லையைத் திடீரெனக் கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்கு எகிறிப் பாய்ந்தது. குறித்து வைத்த விலையில் வாங்க விற்க ஆளில்லை. வாடிக்கையாளரின் நட்டத்தைத் தாங்காமல் தரகு நிறுவனங்களே திவாலாயின. அணை உடைந்த பின் மதகை அடைத்து என்ன பயன்?

இரு வகை வாணிகம்

இப்போது கோழிக்கு வருவோம். ஞாயிறு மாலை நால்வர் சேர்ந்து அரைக் கிலோ கோழிக்கறி வாங்குகிறோம். தோல் நீக்கிய துண்டுகளைக் கழுவுகிறோம். ஒரு கரண்டி எண்ணெயில் பத்துச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, நசுக்கிய இஞ்சி பூண்டு ஆகியவற்றை வதக்கி, கறியையும் மஞ்சளையும் உப்பையும் சேர்த்து, நான்கு தம்ளர் நீர் ஊற்றி மூடுகிறோம். இளந்தீயில் அரை மணி நேரம். கறி எலும்பை விட்டுக் கழலும் பதம். இடித்த மிளகும் சீரகமும் தூவி, ஒரு கொதி விட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டால், சோற்றுக்கு ஏற்ற சாறு ஆயிற்று. இரவில் வயிற்றுக்கும் பாரமில்லை.

இந்த வாணிகத்தில் கடைக்காரருக்கு இலாபம், நமக்கு உணவு. இரு தரப்பும் நன்மை பெற்றன. ஏற்றுமதி செய்தவர் டாலரை விற்று ரூபாய் பெறுவதும், இறக்குமதி செய்பவர் அதை வாங்குவதும் இத்தகையவையே. கைபேசிப் பந்தயமோ வேறு வகை. அங்கே உங்கள் இலாபம் மற்றொருவரின் நட்டம். தரகர் கூலியோ இருவரிடமும் கழியும். பானையில் எதுவும் வேகவில்லை. ஆனால் விறகு மட்டும் எரிகிறது! ஐரோப்பியப் பத்திரங்கள் மற்றும் சந்தைகள் ஆணையம் 2018இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நாணயம் முதலியவற்றின் விலை வேறுபாட்டின்மேல் கட்டும் ஒப்பந்தங்களில் சில்லறை வாடிக்கையாளர் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு வரை நட்டமடைந்தன.

சட்டம் சொல்வது

1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அனுமதி பெற்றவர்களிடம், அனுமதிக்கப்பட்ட நோக்கங்களுக்காக மட்டுமே நாணய மாற்றுச் செய்யலாம். அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் முதன்முதலாக வெளியிட்டது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது என்பதையும் தெளிவுபடுத்தியது. பங்குச் சந்தைகளில் முறைப்படி நடக்கும் ரூபாய் ஒப்பந்தங்களுக்கும், உண்மையான நாணயத் தேவை இருக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் வலியுறுத்திய சுற்றறிக்கை, 2024 மே 3 முதல் நடைமுறைக்கு வந்தது.

எங்கள் விடுதி அன்பர் ஒருவர் இத்தகைய செயலி ஒன்றில் பத்தாயிரம் இட்டார். திரை இருபத்தாறாயிரம் காட்டிற்று. திருப்பிக் கேட்டபோது, முதலில் ஐயாயிரம் வரி கட்டுக என்று பதில் வந்தது. கட்டினார், பிறகு பதிலே வரவில்லை. சட்டத்துக்குப் புறம்பான கடையில் வாங்கியவர் முறையிடவும் தயங்குகிறார். ஏமாற்றுவோரின் பலமே அந்தத் தயக்கந்தான்.

நமக்குரிய கணக்கு

அப்படியாயின் மாணவர் இதைக் கற்கவே வேண்டாமா? வேண்டும். நம்முள் பலர் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல இருக்கிறோம். 10,000 டாலர் கட்டணம் செலுத்தும்போது, டாலருக்கு ஒரு ரூபாய் வேறுபட்டால் 10,000 ரூபாய் வேறுபடும். எனவே அன்றைய குறிப்பு விலையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று வங்கிகளில் விற்பனை விலையையும் கட்டணத்தையும் வரியையும் சேர்த்துக் கேளுங்கள். குறிப்பு விலைக்கும் அவர்கள் விலைக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் தரும் உண்மையான கூலி. அதைக் குறைப்பது யாரும் பறிக்க முடியாத ஆதாயம்.

சந்தையைக் கணிக்கும் ஆவல் இன்னும் அடங்கவில்லையெனில், ஒரு குறிப்பேடு வாங்குங்கள். மூன்று திங்கள், ஒவ்வொரு மாலையும் நாளைக்கு ஏற்றமா இறக்கமா என்று எழுதுங்கள், மறுநாள் சரிபாருங்கள், ஒவ்வொரு முறைக்கும் தரகையும் கழித்துக் கணக்கிடுங்கள். முடிவை மன்றக் கூட்டத்தில் வைப்போம். சோதனைக்குக் குறிப்பேட்டின் விலையை இடுவோம். தந்தையார் மாதந்தோறும் அனுப்பும் பணத்தை இட வேண்டாம்.