ஒயில் மேலே ஏறுகிறதா?
பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைப் பாதுகாத்தல்

எமது கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அன்று. தோட்டத்திலிருந்து வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், விடியற்காலையில் மீன் பெட்டியோடு ஊர் ஊராகச் செல்வதும், குடும்ப நல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாயின் வீட்டுக்குப் போவதும் அதிலேதான். இவற்றுட் பல இருபது, முப்பது வருடங்கள் ஓடியவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியபோதும், புதிய வண்டியின் விலை பலருக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. ஆகவே இருப்பதைக் காப்பதே புத்தி.

பழைய எஞ்சின் திடீரென இறுகி நிற்பதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, வேண்டிய இடத்துக்கு ஒயில் போய்ச் சேராமையாகும். எஞ்சினுக்குள் ஒயில் இருப்பது வேறு. அது மேலே ஏறுவது வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம். நான்கு அடிப்பு எஞ்சின்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

1. ஒயில் செல்லும் வழி

எமது வீதிகளில் நீண்ட காலம் ஓடிய ஹொண்டா சீ 50, சீ 90, எம்டி 90 போன்றவற்றில் ஒயில் எஞ்சினின் அடிப்பாகத்திலேயே தேங்கி நிற்கும். அங்குள்ள சிறிய பம்பு அதை ஒரு கம்பி வலையூடாக உறிஞ்சி, ஒடுங்கிய துவாரங்கள் வழியே மேலே தள்ளும். ஒயில் ஹெட்டை அடைந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கம்ஷாவ்ற்றை நனைத்துவிட்டு மீண்டும் கீழே வடியும்.

இந்த எஞ்சின்கள் கொள்ளும் ஒயில் ஏறக்குறைய 800 முதல் 900 மில்லிலீற்றர்தான். இதில் 300 மில்லிலீற்றர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்பது பொருள். மேலும், பல பழைய எஞ்சின்களில் கம்ஷாவ்ற் தனிப் பெயரிங் இல்லாமல் ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுழலும். இரண்டு உலோகங்களுக்கும் இடையில் இருப்பது மெல்லிய ஒயிற் படலம் ஒன்றே. அது அறுந்தால் சில நிமிடங்களிலேயே அலுமினியம் உராய்ந்துவிடும். பிறகு ஹெட்டையே மாற்ற வேண்டி வரலாம்.

2. மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்த பாடம்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர், பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது ஏறத்தாழ நின்றுபோனது. உதிரிப்பாகங்களும் பற்றரிகளும் தடைப்பட்டன. அக்காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். எமது மெக்கானிக்மாரின் கைத்திறன் அந்த ஆண்டுகளில் ஒரு சமூகத்தையே நடமாட வைத்தது.

ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எஞ்சின் போதிய சூடு பெறாதபோது எரியாது எஞ்சிய துளிகள் சிலிண்டர்ச் சுவர் வழியே, பிஸ்ரன் றிங்குகளைக் கடந்து, கீழேயுள்ள ஒயிலுடன் கலக்கும். அப்போது ஒயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஒயில் சூட்டிலும் பாரத்திலும் படலமாக நிற்காது.

இதிலுள்ள ஆபத்து என்னவென்றால், அளவுக் கம்பி இதைக் காட்டிக்கொடுக்காது. எரிந்துபோன ஒயிலின் இடத்தை மண்ணெண்ணெய் நிரப்பிவிடுவதால் மட்டம் குறையாமலே நிற்கும். சில வேளை உயரவும் கூடும். "என்னுடைய எஞ்சின் ஒயிலே குடிப்பதில்லை" என்று மகிழ்ந்திருப்பவரின் எஞ்சின் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்.

இது பழங்கதை அன்று. இன்று பெற்றோலில் ஓடும் வண்டியிலும் இதே தவறு நேரும். காபரேற்றரின் மிதவை ஊசி தேய்ந்திருக்க, இரவில் பெற்றோல் ரப்பைப் பூட்டாமல் விட்டால், பெற்றோல் மெல்லக் கசிந்து ஒயிலுடன் சேர இடமுண்டு. எனவே மட்டத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், கம்பியிலுள்ள ஒயிலை மணந்து பார்க்க வேண்டும். பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மணம் வீசினாலோ, விரல்களுக்கிடையில் தண்ணீர் போல வழுகினாலோ, ஊற்றிச் சேர்ப்பதாற் பயனில்லை. கசிவைத் திருத்தி, ஒயில் முழுவதையும் மாற்ற வேண்டும்.

எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவும் பழக்கமும் நல்லதல்ல. மூலைகளில் எஞ்சும் மண்ணெண்ணெய் புதிய ஒயிலை நீர்க்கச் செய்யும். இளகிய கசடு கம்பி வலையில் வந்து அடைக்கும்.

3. ஒயில் ஒதுங்குதல்

ஒரு கிண்ணத்தில் அடிமட்டத்துக்குத் தண்ணீர் வைத்துச் சரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் காய்ந்துவிடும். எஞ்சினிலும் அப்படியே. சடுதியாகப் பிறேக் பிடிக்கும்போதும், வேகமாக எடுக்கும்போதும் ஒயில் ஒரு பக்கத்துக்கு ஓடும். பின்னால் இரண்டு மூட்டை ஏற்றி வண்டி பின்புறம் தாழ்ந்திருந்தால், ஓடும் நேரம் முழுவதும் ஒயில் பின்பக்கமே ஒதுங்கி நிற்கும். மட்டம் சரியாக இருந்தால் உறிஞ்சும் வாய் எப்போதும் ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்கும்; தீங்கு இல்லை. மட்டம் குறைந்திருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். காற்று உலோகத்தைக் காக்காது.

அதற்காக அளவுக்கு மேல் ஊற்றுவதும் பிழை. சுழலும் பாகங்கள் மிகையான ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையும் காற்றுத்தான்.

தோட்டக்காரர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறைப்பு மெசினின் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் பம்பே இல்லை. ஓர் அகப்பை போன்ற துண்டு ஒயிலை அள்ளி வீசும். அத்தகைய மெசினைக் கிணற்றடியில் சரிவாக வைத்து மணிக்கணக்கில் இறைத்தால், அகப்பைக்கு ஒயில் எட்டாமற் போகலாம். அதன் கீழே பலகை வைத்து மட்டப்படுத்துங்கள்.

4. வழி அடைபடுதல்

இந்தச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் காகித வடி கிடையாது. கம்பி வலையும், சுழற்சியால் கசடைப் பிரிக்கும் ஒரு கிண்ணமுமே உண்டு. கிளச் மூடி கழற்றப்படும் ஒவ்வொரு தடவையும் இவ்விரண்டையும் கழுவும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். மூடியைப் பூட்டும்போது பசையை அள்ளிப் பூச விடாதீர்கள். உள்ளே பிதுங்கும் பசை உடைந்து ஒயில் துவாரத்தை அடைத்த எஞ்சின்கள் பல.

ஹெட் வேலை முடிந்த பின், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வால்வு சரிசெய்யும் சிறு மூடியைக் கவனமாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே புதிய ஒயில் வந்து நனைய வேண்டும். வராவிட்டால் வண்டியை வீதிக்கு எடுக்கக் கூடாது. சூடான ஒயில் தெறிக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீர்கள்.

5. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம்

(அ) வண்டியைச் சமதரையில் நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். பக்க ஸ்ராண்டில் சரிந்து நிற்கும் வண்டி பொய் அளவையே காட்டும்.

(ஆ) சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.

(இ) கம்பியைத் துடைத்து மீண்டும் வையுங்கள். ஹொண்டா போன்ற பலவற்றில் அதை முறுக்காமல், புரியின் மேல் இருக்க விட்டே அளக்க வேண்டும். உங்கள் வண்டியின் கைநூல் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

(ஈ) மட்டம் இரண்டு கோடுகளுக்கும் இடையில், மேற்கோட்டை அண்டி நிற்கட்டும்.

(உ) மணந்து பாருங்கள். நிறுத்திய இடத்தில் நிலத்தில் ஒயிற் கறை உண்டா எனவும் பாருங்கள்.

(ஊ) ஊற்றிய அளவையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒயில் குடிக்கும் வேகம் கூடினால், றிங் தேய்வதை அக்கொப்பியே முதலிற் சொல்லும்.

பழைய எஞ்சினுக்கு 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது சிக்கனமே. மோட்டார் சைக்கிளுக்குரிய, ஜாசோ எம்ஏ எனக் குறித்த ஒயிலையே வாங்குங்கள். கார் ஒயில்கள் சில கிளச்சை வழுக்கச் செய்யும்.

6. சத்தம் மாறினால்

ஹெட்டில் "டிக் டிக்" எனச் சத்தம் கூடுவது, எரிந்த மணம், இழுவை குறைவது ஆகியவை எச்சரிக்கைகள். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு கட்டைதானே, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டும் அந்த இரண்டு கட்டையில்தான் எஞ்சின் போகிறது. உருட்டிச் செல்வது வியர்வையோடு முடியும். ஓட்டிச் செல்வது கடனோடு முடியும்.

7. கழிவு ஒயில்

குடாநாட்டின் குடிநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் தங்கியிருக்கிறது. நிலத்தில் ஊற்றுவது கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்திலும் அயலிலும் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை நாம் அறிவோம். அது தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. எங்கள் வளவில் ஊற்றும் ஒரு லீற்றரும் அதே தண்ணீருக்குத்தான் போகிறது. கழிவு ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, அதைச் சேகரிக்கும் கராஜில் கொடுங்கள். தூண்களுக்குப் பூசவும் வேண்டாம்.

மணவாளன் வரக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையை நாம் அறிவோம். எண்ணெய் இல்லை என்பதை ஐவர் நள்ளிரவிலேயே கண்டனர். அந்நேரம் கடை தேடிப் பயனில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் மந்திகைக்கோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ ஓட வேண்டிய வண்டியும் அப்படியே. சனிக்கிழமை மாலை ஐந்து நிமிடம் ஒதுக்குவோருக்கு அந்த இரவு பயமில்லை.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. ஒயில் மட்டம் குறையாதிருப்பது எப்போது ஆபத்தின் அறிகுறியாகும்?
2. எமது சங்க அங்கத்தவர்களின் வண்டிகளை மாதம் ஒருமுறை ஒன்றாகச் சோதிக்க ஒழுங்கு செய்யலாமா? யார் பொறுப்பேற்பர்?
3. கிராமத்தின் கழிவு ஒயிலை ஓரிடத்தில் சேர்க்க எந்தக் கராஜ் உதவும்?