முதியோரின் தோள்மூட்டு விலகலும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

மனித உடலின் மூட்டுகளுள் பல திசைகளிலும் மிகுதியாக அசையக்கூடியது தோள்மூட்டு. பெரிய மூட்டுகளுள் அடிக்கடி இடம்விட்டு விலகுவதும் அதுவே. இவ்விரு இயல்புகளும் ஒரே அமைப்பிலிருந்து பிறப்பவை. மேற்கை எலும்பின் தலை உருண்டையானது; அது பொருந்தும் தோள்பட்டைக் குழியோ ஆழமற்றது. ஓர் எலுமிச்சம்பழத்தை முதலில் ஆழமான கிண்ணத்திலும், பின்னர்த் தட்டையான கரண்டியிலும் வைத்து அசைத்துக் காட்டினால், இடுப்பு மூட்டுக்கும் தோள்மூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் எளிதில் உணர்வர்.

கரண்டியிலிருந்து பழம் உருண்டு விழாமல் காப்பவை மூன்று. குழியின் ஓரத்தைச் சுற்றியுள்ள குருத்து விளிம்பு அதனைச் சற்று ஆழமாக்குகிறது. மூட்டு உறையும் அதிலுள்ள பிணைப்பு நார்களும் எலும்புகளைக் கட்டி நிறுத்துகின்றன. நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றுகூடி எலும்பின் தலையைச் சூழ்ந்து, அதனைக் குழியின் நடுவில் அழுத்திப் பிடிக்கின்றன.

இளமையும் முதுமையும்

மூட்டு ஒருமுறை விலகியபின் மீண்டும் மீண்டும் விலகுவதற்குக் காரணம் என்ன? குழியின் முன்புறத்தில் குருத்து விளிம்பு எலும்பிலிருந்து பெயர்ந்துவிடுவதே முக்கிய காரணம் என ஆங்கிலேய மருத்துவர் பாங்கார்ட் 1923ஆம் ஆண்டில் விளக்கினார். இளைஞரிடம் பெரும்பாலும் காணப்படுவது இக்கேடே.

நாற்பது வயதைக் கடந்தோரிடம் நிலைமை வேறு. ஆண்டுகள் செல்லச் செல்லத் தசைநாண்கள் நைந்து வலுக்குன்றுகின்றன. ஆகவே, கீழே விழும்போது விளிம்பு பெயர்வதற்குப் பதிலாக, அல்லது அத்துடன் சேர்ந்து, தசைநாண் கிழிந்துவிடுகிறது. இளைஞரைக் காட்டிலும் முதியோருக்கு மறுவிலகல் குறைவாகவே நேரும். எனினும், அவ்வாறு நேருமாயின், பெரிய தசைநாண் கிழிசலோ குழியின் ஓர எலும்பு முறிவோ இருக்கலாமென ஐயுறுதல் வேண்டும்.

காலம் கடத்துவதன் கேடு

ஈரத் தரையில் வழுக்கி விழுந்த ஒரு மூதாட்டியின் மூட்டு மருத்துவமனையில் சரிசெய்யப்படுகிறது. வலி தணிகிறது. ஆனால் தலைவாரக் கையை உயர்த்த இயலவில்லை. வயதின் தளர்ச்சி என்று வீட்டார் கருதி வாளாவிருந்துவிடுகின்றனர். இதற்கிடையில் கிழிந்த நாண் உள்ளே சுருங்குகிறது. வேலையற்ற தசை மெலிந்து கொழுப்பேறுகிறது. பல மாதங்கள் கழிந்தபின், தேர்ந்த மருத்துவராலும் அந்நாணை இழுத்து எலும்பில் சேர்க்க இயலாமற் போகலாம்.

மூட்டு விலகும்போது அக்குள் நரம்பும் நசுங்குவதுண்டு. அப்போதும் கை உயராது. தோளின் வெளிப்புறத் தோல் மரத்துப்போகும். இந்நரம்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானே தேறும். ஆயினும், நரம்பின்மேல் பழியைப் போட்டுக் காத்திருப்பதால் தசைநாண் கிழிசல் கவனிக்கப்படாது போவதுண்டு. எனவே, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் கையை உயர்த்த இயலாத முதியவருக்கு அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. சோதனை அவசியமாகிறது.

நுண்துளை முறை

மூட்டினுள் குழாய் செலுத்திப் பார்க்கும் முறையைத் தோக்கியோ நகரத்து மருத்துவர் கென்ஜி தக்காகி 1918ஆம் ஆண்டில் முழங்காலில் முயன்றார். அவர் வழிவந்த மசாக்கி வத்தனபே அக்கருவியைச் செம்மைப்படுத்தி, 1962ஆம் ஆண்டில் அதன் துணையால் முழங்காலில் அறுவை செய்தார். பின்னர் இம்முறை தோளுக்கும் பரவியது.

இன்று தோளில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சில துளைகள் இடப்படுகின்றன. ஒன்றின் வழியாகச் சுமார் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள நோக்குகருவி செலுத்தப்படுகிறது. உப்புக் கரைசல் மூட்டை விரித்து வைக்க, உட்புறம் திரையில் தெரிகிறது. நூல் கோத்த சிறு முளைகளை எலும்பில் பதித்து, பெயர்ந்த விளிம்பையோ கிழிந்த நாணையோ அவற்றுடன் பிணைத்து இறுக்குகின்றனர். தசைகளை அதிகம் அறுக்க வேண்டாமையும், மூட்டு முழுவதையும் ஆராயக்கூடுவதும் இதன் நன்மைகள்.

எனினும் இம்முறை எல்லோருக்கும் ஏற்றதன்று. எலும்பு நொய்ந்திருந்தால் முளைகள் பிடிப்பின்றிக் கழன்றுவிடலாம். குழியின் ஓர எலும்பு மிகுதியாகத் தேய்ந்திருப்பின், பிரெஞ்சு மருத்துவர் லத்தார்ஜே 1954ஆம் ஆண்டில் விவரித்தபடி எலும்புத் துண்டொன்றை இடம்மாற்றிப் பொருத்த நேரிடும். நாண் செப்பனிட இயலாத நிலையில் இருப்பின் செயற்கை மூட்டே சிலருக்குத் தகுந்த வழி. துளை சிறிதாயினும் தொற்று, மூட்டு விறைப்பு, மறுவிலகல் ஆகிய அபாயங்கள் உண்டு. வயது மட்டும் தடையன்று. இதயம், நுரையீரல், நீரிழிவு ஆகியவற்றின் நிலையும் ஆராயப்படும்.

சிகிச்சைக்குப்பின் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை கையைத் தூக்குக் கட்டில் வைப்பர். விரல்களையும் மணிக்கட்டையும் தொடக்கத்திலிருந்தே அசைத்தல் நன்று. நாண் எலும்புடன் மெதுவாகவே ஒட்டுமாதலால், பளு தூக்கச் சில மாதங்கள் பொறுத்தல் வேண்டும். புகைபிடித்தல் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஊழியர் கவனத்திற்கு

1. விலகிய மூட்டை இழுத்தோ முறுக்கியோ சரிசெய்ய முயலலாகாது. எண்ணெய் தேய்த்து நீவவும் இடங்கொடுக்கலாகாது. முதியோரிடம் எலும்பு முறிவும் உடனிருக்கலாம்.

2. கையை இருந்த நிலையிலேயே தாங்கலாகக் கட்டி, எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புக. கை குளிர்ந்து வெளிறினாலோ மணிக்கட்டில் நாடி தென்படாவிடினோ சிறிதும் தாமதிக்கலாகாது.

3. எத்தனை முறை விலகியது, எவ்வாறு விலகியது, வலிப்பு நோய் உண்டா என்பவற்றைக் குறித்தனுப்புக.

4. மூட்டுச் சரிசெய்யப்பட்ட மூன்றாம் வாரத்தில் நோயாளியை மீண்டும் கண்டு, மருத்துவர் அனுமதித்த அளவில் கையை உயர்த்தச் சொல்லிப் பார்க்க. இயலாவிடின் மறுபடியும் மருத்துவரிடம் அனுப்புக.

இந்நான்கினுள் கடைசியாகக் கூறியதே பெரிதும் மறக்கப்படுவது. அதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. உரிய வாரத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி, ஒரு முதியவர் தம் கையாலேயே உண்ணவும் உடுத்தவும் வழிசெய்யக்கூடும்.