அப்பாயி கேட்ட அஞ்சலையும் பேத்தி படித்த ஆதனும்

நாவல் படித்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் செத்தார்கள் என்று முடிவு வரைக்கும் வந்துவிடுவார்கள். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். அந்தப் புத்தகத்தை இனி அவர் தேடிப் படிக்கப்போவதில்லை. சிறார் புத்தகத்தின் நிலைமை இன்னும் மோசம். "நல்ல கருத்து இருக்கு, பிள்ளைங்க படிக்கலாம்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு நின்றுவிடும்.

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களால் அறிவார்கள். ஒன்று, குன்றின்மேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணி. இன்னொன்று சின்ன வெங்காயம். வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கிற ஊர் அது. தாளை அரிந்து, அழுகலைப் பொறுக்கித் தனியே ஒதுக்கும் வேலை நாள் முழுக்க நடக்கும். கைதான் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அப்படி ஒரு வேலை நேரத்தில், ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், மருமகள் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்ட நாவல் கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'.

1999இல் வெளிவந்த நாவல். குணசேகரன் விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரர். நடுநாட்டுப் பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கியவர். முந்திரிக்காடும் செம்மண்ணுமான அந்த நிலம் அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் வரைக்கும் நீளுகிறது. தனியே உட்கார்ந்து மௌனமாகப் படித்தபோது அந்த மருமகளுக்கு முதல் பக்கங்கள் ஓடவே இல்லை. "மொழி கஷ்டமா இருக்கு" என்று மூடி வைத்துவிட்டார். மாமியாருக்காக வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியதும் அந்தக் கஷ்டம் காணாமல் போனது. கண்ணுக்குப் புரியாத சொல், காதில் விழுந்ததும் யாரோ தெரிந்தவர் பேசுவதுபோல் ஆகிவிட்டது. வட்டார நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமுன் ஓர் அத்தியாயத்தையாவது உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். 'புரியவில்லை' என்று நாம் ஒதுக்கிய நல்ல நாவல்களில் பாதி இந்தச் சோதனையில் தேறிவிடும்.

பெண் பார்க்கும்போது காட்டிய மாப்பிள்ளை ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன் என்பது தெரியவரும் கட்டத்தில் அந்த மாமியாரின், அதாவது வீட்டு அப்பாயியின் கை நின்றது.

"ஏம்மா, மணவறையில தலையத் தூக்கிப் பாக்கலையா அவ?"

"பாக்க விட்டாங்களா அத்தை?" என்றார் மருமகள்.

"ஆமா, யாரு விட்டா" என்று சொல்லிவிட்டு அரிவாள்மனையைத் திரும்ப இழுத்துக்கொண்டார் அப்பாயி. அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சு ஒரு நல்ல விமர்சனக் கட்டுரைக்குக் குறைந்ததல்ல. அஞ்சலை ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தாய்வீடு ஏற்றுக்கொண்டிருக்குமா, நிலமில்லாத கூலிக்காரிக்குக் கோபப்பட எவ்வளவு இடம் உண்டு என்றெல்லாம் பேசினார்கள். யாரும் கதையைத் திருப்பிச் சொல்லவில்லை. தன்னைத் தடுத்து நிறுத்திய ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து பேசினார்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய முதல் வழி இதுதான். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம்? அதைச் சொன்னாலே கேட்பவருக்குப் புத்தகத்தின் மேல் ஆசை வரும்.

இமையத்தின் 'செல்லாத பண'த்தைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் முக்கியமாகிறது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் காதலித்து மணந்து, கடைசியில் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். இந்தச் சுருக்கத்தை மட்டும் கேட்டால் 'பெற்றோர் பேச்சைக் கேட்காத பெண்ணின் கதி' என்ற அறிவுரைக் கதையாகக்கூடத் தோன்றும். நாவலோ அந்த இடத்திலேயே நிற்கவில்லை. தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களின் பேச்சாகவே பெரும்பகுதி நகர்கிறது. கையில் பணம் இருந்தும் எதையும் வாங்க முடியாமல் நிற்கும் ஒரு குடும்பத்தை அது காட்டுகிறது. அதனால் சுருக்கத்தோடு நிறுத்தாமல், கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் எழுத்தாளருக்கு நியாயம் செய்தவர்கள் ஆவோம். பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம். "பேச்சு நீண்டுகொண்டே போகிறது, எனக்கு மூச்சு முட்டியது" என்பது மதிப்புள்ள அபிப்பிராயம். "போர்" என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பயனில்லை.

குழந்தைகள் வரும் நாவல் எல்லாமே குழந்தைகளுக்கான நாவல் ஆகிவிடாது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) ஆடு மேய்க்கும் பண்ணையாள் சிறுவர்களின் உலகம். கூளையனுக்குப் பள்ளிக்கூட வயதுதான். ஆனால் அவனுடைய அடிமை வாழ்வு பெரியவர்கள் படித்துத் தாங்க வேண்டிய ஒன்று. அட்டையில் சிறுவன் படம் இருக்கிறது என்பதற்காக அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "பிடிச்சுதா?" என்று கேட்பது முறையல்ல.

சிறார் நூல்களுக்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளில் தமிழில் இந்தத் துறை செழித்து வளர்ந்திருப்பது மனசுக்கு நிறைவைத் தருகிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010இல் தமிழுக்கு முதன்முதலாக மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்குக் கிடைத்தது. அண்மை ஆண்டுகளில் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) ஆகியவை பெற்றன. பாலபாரதியின் நூலில் மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியோடு பேசத் தொடங்குகிறது. பெரியவர்கள் சொல்லத் தயங்கும் பாதுகாப்பற்ற தொடுதலைப் பற்றி, பயமுறுத்தாமல் பேசுகிறது. இந்த ஒன்றை மட்டுமாவது ஒவ்வொரு பெற்றோரும் பிள்ளையோடு சேர்ந்து படித்துவிட வேண்டும்.

அதே வீட்டுப் பேத்திக்குக் கிடைத்தது 'ஆதனின் பொம்மை'. கீழடியின் பழங்காலத்துக்குள் ஒரு சிறுவனை அழைத்துப்போகும் நாவல் அது. படித்து முடித்தவளிடம் அம்மா, "என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்டார். பதிலே இல்லை. பரீட்சைக் கேள்விக்குக் குழந்தை எப்போதும் தரும் பதில் அதுதான். இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்து, "அம்மா, நம்ம சாத்தனூர்க் கல்மரத்துக்குப் பக்கத்துலயும் அந்தக் காலத்துல பிள்ளைங்க விளையாடியிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

பெரம்பலூர் மாவட்டத்தில்தான் சாத்தனூர் இருக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தை 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். மனிதர்களே இல்லாத காலம் அது. கீழடி அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியது. அந்த வேறுபாட்டை அம்மா விளக்க, பேச்சு மதியம் வரை நீண்டது. ஒரு சிறார் நாவல் வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. "நீதி என்ன?" என்ற கேள்வியை விட்டுவிட்டுக் காத்திருந்தால், புத்தகம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் குழந்தையே காட்டிவிடும்.

சிறார் நூல் பற்றிப் பெரியவர்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. எழுத்து கண்ணுக்கு இதமான அளவில் இருக்கிறதா? ஓவியர் யார்? படத்தில் இருக்கும் பிள்ளைகள் நம் தெருப் பிள்ளைகளின் நிறத்தில் இருக்கிறார்களா? வாக்கியத்தை ஒரே மூச்சில் படிக்க முடிகிறதா? எந்த வயதுக்குத் தோதுப்படும்? தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துத் தருகிறது. வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்க்கும் இந்த ஏற்பாடு வீட்டுக்கும் பொருந்தும். ஏழாம் வகுப்புப் பிள்ளை 'நட'வில் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே புத்தகத்தைப் பெரியவரும் குழந்தையும் படித்தால் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்கு 'டோட்டோ-சான்' நல்ல எடுத்துக்காட்டு. தெத்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானிய மொழியில் எழுதியது. நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழில் கிடைக்கிறது. முதல் நாளில் ஒரு சிறுமியின் பேச்சைத் தலைமையாசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஆசிரியர்கள் நெகிழ்வார்கள். பிள்ளைகளுக்கோ ரயில் பெட்டியே வகுப்பறையாக இருப்பதுதான் பெரிய விஷயம். இரண்டு அபிப்பிராயத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்தால், ஒன்று மற்றொன்றை நிறைவு செய்கிறது. பிரான்சில் 'இன்கொரப்டீப்ல்' என்ற சிறார் நூல் பரிசை மாணவர்களே படித்து வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பள்ளி நூலகங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு வாக்கெடுப்பு நடத்தலாம். செலவு ஒன்றும் இல்லை.

அந்த மருமகள் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கம் அவர் எழுதுவார், வலப்பக்கம் மகள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், நின்ற இடம், யாருக்குக் கொடுக்கலாம் என்ற குறிப்பு மட்டும். முடிவை எழுதக் கூடாது என்பது மகள் போட்ட விதி. அப்பாயி சொல்வதை இருவரில் யாராவது எழுதிக்கொள்கிறார்கள்.

எல்லா மாவட்டங்களுக்கும் புத்தகத் திருவிழா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெரம்பலூருக்கு அது வந்துவிட்டது. அடுத்த முறை போகும்போது பிள்ளையின் கையில் தனியாக நூறு ரூபாய் கொடுத்து விடுங்கள். அது எடுக்கும் புத்தகத்தை மாற்றி வைக்கச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதே புத்தகத்தை நீங்களும் படியுங்கள். பேச உட்காரும்போது பிள்ளையை முதலில் பேச விடுங்கள்.