கட்டணம் செலுத்தி இணையத்தில் இசை கேட்டல்
தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,
• ஸ்ட்ரீமிங், பதிவிறக்கம் ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டவும்,
• ஒரு பாடலுக்குச் செலவாகும் தரவின் அளவைக் கணிக்கவும்,
• செலுத்தும் பணத்துக்கு எவ்வுரிமை கிடைக்கிறது என விளக்கவும்
முடியும்.

1. அறிமுகம்

முன்னர் பாடல் கேட்க விரும்பியோர் ஒலிப்பேழையை அல்லது இறுவட்டைக் கடையில் வாங்கினர். வாங்கிய இறுவட்டு வாங்கியவருக்கே சொந்தம். இன்று பாடல்கள் இணையத்தினூடாக விற்கப்படுகின்றன. இவ்விற்பனை இரு வகைப்படும்.

(அ) பாடலை விலைக்கு வாங்கல்: அப்பிள் நிறுவனம் 2003 ஏப்பிரல் 28 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் ஐடியூன்ஸ் இசைக் கடையை ஆரம்பித்தது. அப்போது ஒரு பாடலின் விலை 99 சதம் ஆகும். தொடக்கத்தில் பாடற் கோப்புகளுக்குப் பிரதி செய்வதைக் கட்டுப்படுத்தும் பூட்டு இடப்பட்டிருந்தது. 2009 இல் அது நீக்கப்பட்டது. பதிவிறக்கிய கோப்பு, வாங்கியவரின் கணினியில் நிலைத்திருக்கும்.

(ஆ) மாதச் சந்தா செலுத்தல்: சுவீடனில் உருவான ஸ்பொட்டிஃபை 2008 இல் சேவையை ஆரம்பித்தது. 2021 பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்தது. இங்கு பாடல் விற்கப்படுவதில்லை. சந்தா உள்ள காலம் வரை கேட்பதற்கான அனுமதியே வழங்கப்படுகிறது. விளம்பரங்களுடன் கூடிய இலவசச் சேவையும் உண்டு. எனினும் அதில் பாடல்களைப் பதிவிறக்க முடியாது.

2. ஸ்ட்ரீமிங் நடைபெறும் விதம்

பாடற் கோப்பு சிறு சிறு பொதிகளாகச் சேவையகத்திலிருந்து வருகிறது. வந்த பகுதி ஒலிக்கும்போதே அடுத்த பகுதி தற்காலிக நினைவகத்தில் சேர்கிறது. சேரும் வேகம் ஒலிக்கும் வேகத்தைவிடக் குறைந்தால் பாடல் இடையில் நின்றுவிடும். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை, றிவஸ்டன் ஊடாக இலுக்கும்புர நோக்கிச் செல்லும் பாதை போன்ற மலைப் பாதைகளில், மலைகள் சமிக்ஞையை மறைக்கும் இடங்களில் இந்நிலை ஏற்படலாம்.

3. தரவின் அளவைக் கணித்தல்

ஒரு செக்கனுக்குச் செலவாகும் பிற்றுகளின் எண்ணிக்கை பிற்று வீதம் எனப்படும்.

கோப்பின் அளவு = பிற்று வீதம் × நேரம் (செக்கன்) ÷ 8

8 பிற்றுகள் 1 பைற்று ஆதலால் 8 ஆல் வகுக்கிறோம். இங்கு 1 மெகாபைற்று = 1000 கிலோபைற்று எனக் கொள்வோம். வினாவில் 1024 எனத் தரப்பட்டால் அதனையே பயன்படுத்துக.

4 நிமிடப் பாடல் ஒன்றுக்கு (240 செக்கன்):
96 கிலோபிற்று வீதத்தில் – 2.88 மெகாபைற்று
160 கிலோபிற்று வீதத்தில் – 4.8 மெகாபைற்று
320 கிலோபிற்று வீதத்தில் – 9.6 மெகாபைற்று

உதாரணம்: இறத்தோட்டையிலிருந்து மாத்தளை நகரப் பாடசாலைக்குப் பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி, போகவர நாளொன்றுக்கு 1 மணித்தியாலம் பாடல் கேட்கிறாள். பிற்று வீதம் 160 கிலோபிற்று. 20 பாடசாலை நாட்களுக்குச் செலவாகும் தரவு யாது?

தீர்வு:
ஒரு நாளுக்கு = 160 × 3600 ÷ 8 = 72,000 கிலோபைற்று = 72 மெகாபைற்று
20 நாட்களுக்கு = 72 × 20 = 1440 மெகாபைற்று

அதே 15 பாடல்களை (ஒவ்வொன்றும் 4 நிமிடம்) வீட்டில் ஒரு தடவை பதிவிறக்கி 20 நாட்களும் கேட்டால் 72 மெகாபைற்று மாத்திரமே செலவாகும். சேமிப்பு 1368 மெகாபைற்று ஆகும். தரவுப் பொதிக்கு வீட்டார் செலுத்தும் பணத்தை எண்ணிப் பாருங்கள்.

4. பதிவிறக்கியது சொந்தமாகுமா?

மாணவர் பலர் தவறாக விடையளிக்கும் பகுதி இதுவாகும். ஸ்பொட்டிஃபை சந்தாதாரர் ஒருவர், ஒரு கருவியில் 10,000 பாடல்கள் வரை, 5 கருவிகளில் பதிவிறக்கலாம். ஆனால் 30 நாட்களுக்கு ஒரு தடவையேனும் இணையத்துடன் இணைய வேண்டும். சந்தா முடிந்ததும் பதிவிறக்கிய பாடல்களை அவ்வாறு கேட்க முடியாது. கோப்பு தொலைபேசியில் இருப்பினும் அதனைத் திறக்கும் உரிமை சந்தாவுடனேயே இணைந்துள்ளது. நூலகப் புத்தகம் வீட்டில் இருந்தாலும் அது நமதாகாது அல்லவா? அது போன்றதே இதுவும்.

5. சட்டமும் பொறுப்பும்

இலங்கையில் பாடல்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் பொருளாதார உரிமை அவர்களது வாழ்நாளிலும் இறந்து 70 ஆண்டுகள் வரையும் நிலைக்கும். அனுமதியின்றிப் பிரதிகள் செய்து விற்பது தண்டனைக்குரிய குற்றமாகும். பாடியவரும் இசைத்தவரும் தமது உழைப்புக்கு ஊதியம் பெறுவது இவ்வுரிமையினாலேயே.

கட்டணம் செலுத்தும்போது கவனிக்க:
• பெற்றோரின் அனுமதியின்றி அவர்களது வங்கி அட்டையைப் பயன்படுத்தலாகாது.
• நாம் நிறுத்தும் வரை சந்தா மாதந்தோறும் தானாகவே அறவிடப்படும். இலவச மாதம் முடியும் திகதியைக் குறித்து வைக்குக.
• கடவுச்சொல்லையும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டு எண்ணையும் எவருக்கும் கூறலாகாது.

பயிற்சி

1. 320 கிலோபிற்று வீதமுள்ள 5 நிமிடப் பாடலின் அளவைக் காண்க. (2 புள்ளிகள்)
2. மாணவர் ஒருவர் ஸ்பொட்டிஃபையில் 200 பாடல்களைப் பதிவிறக்கிய பின் சந்தாவை நிறுத்தினார். சந்தாக் காலமும் முடிந்தது. அப்பாடல்களை இணைய இணைப்பின்றிக் கேட்க முடியுமா? காரணம் தருக. (2 புள்ளிகள்)
3. சமிக்ஞை குறைந்த பிரதேசத்தில் வசிப்பவருக்கு ஸ்ட்ரீமிங், பதிவிறக்கம் ஆகியவற்றுள் எது பொருத்தம்? இரு காரணங்கள் தருக. (3 புள்ளிகள்)

விடைகள்

1. 320 × 300 ÷ 8 = 12,000 கிலோபைற்று = 12 மெகாபைற்று.
2. முடியாது. அவர் பெற்றது சந்தாக் காலத்துக்கான அனுமதி மாத்திரமே. பாடல்களை விலைக்கு வாங்கவில்லை.
3. பதிவிறக்கம். பாடல் இடையில் நிற்காது. மீண்டும் கேட்கத் தரவு செலவாகாது.

குறிப்பு: மூன்றாம் வினாவில் "பதிவிறக்கம்" என்று மட்டும் எழுதினால் 1 புள்ளியே கிடைக்கும். காரணங்களையும் தெளிவாக எழுதிப் பழகுங்கள்.