குதிரையும் குரலும்: பாடும் கௌபாய் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாடும் கௌபாய் என்பவர் 1930களில் அமெரிக்காவின் சிக்கனப் படங்களில் பிறந்த ஒரு நாயக வகை. பூவேலை செய்த சட்டை, அகன்ற தொப்பி, விளம்பரத் தாளில் நாயகனுக்கு அடுத்தபடியாகப் பெயர் போடப்படும் குதிரை, கையில் கித்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரப் படத்தில் மாடு திருடுபவர்களைப் பிடிப்பதற்கு நடுவே நான்கைந்து பாட்டுகள். தமிழ் ரசிகர்களுக்குக் கௌபாய் என்றதும் நினைவுக்கு வருவது இவரல்ல. எழுபதுகளில் தொப்பியும் துப்பாக்கியுமாக வந்த ஜெய்சங்கர். இருவரையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடுவதால் பல தவறான எண்ணங்கள் நிலைத்துவிட்டன.

“மாடு மேய்ப்பவர் பாடுவது ஹாலிவுட் கட்டிய கதை”

பாதிதான் கதை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865க்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகள், டெக்சாஸ் மாடுகளை ஆயிரக்கணக்கில் கன்சாஸ் ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். இரவில் மந்தை மிரண்டு ஓடினால் மனிதர்களே மிதிபட்டுச் சாவார்கள். அதனால் இரவுக் காவலர்கள் மந்தையைச் சுற்றி மெதுவாகக் குதிரையில் வந்தபடி தாழ்ந்த குரலில் பாடினார்கள். மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் மாடு சட்டென்ற ஓசைக்கு மிரளாது. ஜான் லோமாக்ஸ் இத்தகைய பாடல்களைத் திரட்டி 1910இல் நூலாக வெளியிட்டார். மாட்டுத் தொழில் தெரிந்த கார்ல் ஸ்ப்ரேக் 1925இல் கௌபாய் பாட்டொன்றை இசைத்தட்டில் பதிந்தார்.

ஹாலிவுட் சேர்த்தது கித்தாரையும், எங்கிருந்தோ வந்து சேரும் வாத்தியக் குழுவையும். ஓடும் குதிரையில் இரு கைகளாலும் கித்தார் மீட்டுவது மேய்ச்சல் தொழிலில் நடக்கிற காரியமல்ல. கடிவாளத்தை யார் பிடிப்பது?

“ஜீன் ஆட்ரிதான் முதல் பாடும் கௌபாய்”

அவருக்கு முன்பே கென் மேனார்ட் பாடிவிட்டார். பேசும்படம் வந்த புதிதில், 1929இல், ‘தி வேகன் மாஸ்டர்’ படத்தில் அவருடைய பாட்டு இருந்தது. ஜான் வெய்ன்கூட 1933இல் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ படத்தில் பாடும் சாண்டி என்ற வேடத்தில் வந்தார். பாடியது வேறொருவர், வெய்ன் வாயசைத்தார். இரவல் குரல் இந்திய சினிமாவுக்கு மட்டுமே உரியது என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

ஆட்ரி திரையில் தோன்றியது 1934இல், மேனார்டின் ‘இன் ஓல்ட் சாண்டா ஃபே’ படத்தில் சில நிமிடங்கள். மேனார்ட் பாடத் தெரிந்த குதிரைவீரர். ஆட்ரியோ குதிரையில் ஏற்றி உட்கார வைக்கப்பட்ட வானொலிப் பாடகர். அதற்கு முன்பே சிகாகோ வானொலி நேயர்களுக்கு அவருடைய குரல் பழக்கம். 1931இல் பதிந்த இசைத்தட்டு நன்றாக விற்றிருந்தது. தயாரிப்பாளர்கள் ஒரு நடிகரைத் தேடவில்லை. கூட்டம் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஒரு குரலைத் தேடினார்கள். 1935இல் ரிபப்ளிக் நிறுவனத்தின் ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ அவரை நாயகனாக்கியது. ஆட்ரி முதல்வர் அல்லர். ஆனால் இந்த வகைக்கு வடிவம் கொடுத்தவர் அவர்தான் என்பதை மறுக்க முடியாது.

“செலவு குறைந்த படம், ஆகவே வருமானம் குறைந்த தொழில்”

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. இந்தப் படங்கள் நகரத்துப் பெரிய அரங்குகளை நம்பவில்லை. சிற்றூர்களின் சனிக்கிழமைக் காட்சிகளும் சிறுவர் கூட்டமும் போதும். ஒரே மலைப்பாறை, ஒரே தெரு, ஒரே மதுக்கடை திரும்பத் திரும்ப வரும். சண்டைக்கும் மாட்டுமந்தைக் காட்சிக்கும் ஆள், குதிரை, நாள் மூன்றும் வேண்டும்; பாட்டுக்கு ஒரு வேலிக்கம்பம் போதும். அதே பாட்டு வானொலியில் ஒலித்துப் படத்துக்கு விளம்பரமாகும். படம் இசைத்தட்டை விற்றுத் தரும். ஒன்றின் செலவில் மூன்று வியாபாரம்.

இந்தக் கணக்கை ஸ்டுடியோவைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் ஆட்ரி. தன் படம் வேண்டுமென்றால் ரிபப்ளிக்கின் மற்றப் படங்களையும் சேர்த்து வாங்கவேண்டும் என்று திரையரங்குகள் நெருக்கப்படுவதை எதிர்த்தும், ஊதியத்துக்காகவும் 1938இல் படப்பிடிப்புக்குப் போகாமல் நின்றார். ஸ்டுடியோ சளைக்கவில்லை. ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்த லெனர்ட் ஸ்லை என்ற பாடகருக்கு ராய் ரோஜர்ஸ் என்று பெயர் சூட்டி, அதே ஆண்டில் ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ படத்தில் நாயகனாக்கியது. போட்டிக்குக் கொண்டுவந்த ஆளும் பெரிய நட்சத்திரமானார். ஆட்ரியும் திரும்பி வந்தார்.

1942இல் ஆட்ரி ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். பிறகு விமானியாகி, சீனா–பர்மா–இந்தியப் போர்முனையில் சரக்கு விமானம் ஓட்டினார். அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள் கொண்டுபோன ஆபத்தான வான்வழி அவருக்குப் பழக்கம். போர் முடிந்ததும் ரிபப்ளிக்குடன் ஒப்பந்த வழக்கு. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம்வரை போய் ஆட்ரி வென்றார். அதன்பின் சொந்தத் தயாரிப்பு நிறுவனம், 1950 முதல் தொலைக்காட்சித் தொடர், வானொலி நிலையங்கள், 1961இல் ஒரு பேஸ்பால் அணி. 1949இல் அவர் பாடிய, சிவந்த மூக்குக் கலைமான் பற்றிய கிறிஸ்துமஸ் பாட்டு இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒலிக்கிறது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களில் எதையும் விமர்சகர்கள் காவியம் என்று சொன்னதில்லை. அவருக்கும் அந்தப் புகார் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. ஃப்ரெட் ஸ்காட், டாரத்தி பேஜ் போன்றவர்கள் சிறு நிறுவனங்களோடு வந்து அவற்றோடே மறைந்தார்கள். 1939இல் பாடும் கௌகேர்ளாக அறிமுகமான டாரத்தி பேஜுக்குக் கிடைத்தவை மூன்றே படங்கள்.

“பாடும் கௌபாய் என்றால் வெள்ளைக்காரர்”

மேய்ச்சல் நிலத்தில் வேலை பார்த்தவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசம். திரை அதைக் காட்டவில்லை. பாடகர் ஹெர்ப் ஜெஃப்ரிஸ், கறுப்பினச் சிறுவர்களுக்கும் ஒரு கௌபாய் வேண்டும் என்று முனைந்து 1937இல் ‘ஹார்லெம் ஆன் தி ப்ரேரி’ படத்தில் நாயகனானார். ‘தி பிரான்ஸ் பக்கரூ’ உள்பட மேலும் சில படங்கள் 1939க்குள் வந்தன. கறுப்பினத்தவருக்கான திரையரங்குகளே இவற்றுக்கு முதன்மைச் சந்தை. பிறகு அவர் டியூக் எலிங்டனின் இசைக் குழுவில் பாடிப் புகழ்பெற்றார்.

“இந்தியாவில் குதிரைமேல் பாடிய நாயகன் கிடையாது”

ஆட்ரி அமெரிக்கக் குதிரையில் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில் தமிழ்த் திரையிலும் நாயகர்கள் சொந்தக் குரலில்தான் பாடினார்கள். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ படத்தின் தொடக்கத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் குதிரையில் வந்தபடி பாடுகிறார். பாட்டு பாபநாசம் சிவனுடையது. குரலும் முகமும் சவாரியும் ஒரே ஆளுடையவை. சென்னை பிராட்வே அரங்கில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதர் கௌபாய் அல்லர், படமும் பக்திக் கதை. ஆனால் பாட்டே நட்சத்திரத்தின் தகுதி என்ற அளவில், ஜெய்சங்கரைவிட ஆட்ரிக்கு நெருக்கமானவர் அவர்தான்.

இந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ 1938இலேயே பின்னணிக் குரலைச் சோதித்துப் பார்த்திருந்தது. ஐம்பதுகளுக்குள் பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் ஒருவர் என்ற வேலைப் பிரிவினை தென்னிந்தியா முழுவதும் உறுதியாகிவிட்டது. அமெரிக்காவில் ஒரே ஆளாக இருந்த பாடும் கௌபாய், இங்கே வந்திருந்தாலும் இரண்டு பேராகத்தான் இருந்திருப்பார்.

“பின்னணிப் பாடகர் என்றால் சபையில் வளர்ந்தவர்”

திரையில் வாயசைப்பவருக்குக் குரல் தந்தவர்களைப் பற்றியும் இப்படியொரு நம்பிக்கை உண்டு. கேரளத்தில் கொச்சியின் மட்டாஞ்சேரி இதை மறுக்கிறது. குஜராத்திகள், கச்சி மேமன்கள், கொங்கணிகள், தக்கனி முஸ்லிம்கள் என்று பல மொழிக்காரர்கள் நெருங்கி வாழும் இந்த வணிகப் பகுதியில், கல்யாண வீட்டு இரவுகளே பாடகர்களின் மேடை. தக்கனி பேசும் குடும்பத்தில் 1926இல் பிறந்த எச். மெஹ்பூப் அப்படி வளர்ந்தவர். பிரிட்டிஷ் ராணுவ முகாமில் பூட்ஸ் துடைத்த சிறுவன், இந்திப் பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் பாடுபவனாகக் கல்யாண வீடுகளில் பெயரெடுத்தான். 1951இல் ‘ஜீவிதநௌகா’ மெஹ்பூபை மலையாளத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி பிரபலமான இந்தி மெட்டில் மலையாள வரிகள் பொருத்தப்பட்டிருந்தன; இந்தி மெட்டில் ஊறிய மட்டாஞ்சேரிப் பாடகருக்கு அது வீட்டுப் பாடம். 1954இல் ‘நீலக்குயில்’ படத்தில் கே. ராகவன் இசையில், பி. பாஸ்கரன் வரிகளில் பாடினார். மலையாளத் திரையிசை இந்தி மெட்டை உதறிய படம் என்று பேசப்படுவது அதுதான்.

அவர் வெறும் நகைச்சுவைப் பாடகர் என்பதும் சரியல்ல. தொடக்கப் பாட்டுகளில் சோகம்தான் மேலோங்கியிருந்தது. நகைச்சுவை நடிகர்களின் குரல் என்ற முத்திரை பின்னால் விழுந்தது. அதே ஊர்ப் பக்கத்திலிருந்து, ஃபோர்ட் கொச்சியில் பிறந்த கே.ஜே. யேசுதாஸ் 1961இல் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தபின், நாயகர்களின் குரல் அவரிடம் போய்ச் சேர்ந்தது. மெஹ்பூப் 1981இல் காலமானார். ஆட்ரியைப் போலவே வெகுசனப் பாட்டில் வளர்ந்தவர்தான். ஆனால் பாடகருக்குக் குதிரையும் இல்லை, முகமும் இல்லை, பொம்மைத் துப்பாக்கியில் பெயர் பொறித்து விற்கும் சந்தையும் இல்லை.

“ஜெய்சங்கர் படங்கள் அமெரிக்கப் பாடும் கௌபாயின் வாரிசு”

இவற்றின் தாய்வீடு இத்தாலி. செர்ஜியோ லியோனி 1964இல் எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’, அகிரா குரோசவாவின் ‘யோஜிம்போ’ கதையைத் தழுவி, ஸ்பெயினின் வறண்ட நிலத்தில் படமாக்கப்பட்டது. அதன் நாயகன் பாடமாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். தாடி, சுருட்டு, அழுக்குப் போர்வை. ஆட்ரியின் படங்களில் நாயகன் சுத்தமானவன், குடிக்காதவன், குழந்தைகளுக்கு முன்மாதிரி. அதற்கு நேர் எதிரான இந்த ஆளும், 1969இல் வந்து இந்தியாவில் நெடுநாள் ஓடிய ‘மெக்கன்னாஸ் கோல்டு’ம்தான் தென்னிந்தியக் கௌபாய்க்கு வழிகாட்டிகள்.

1971இல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்து, கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கிய ‘மோசகாள்ளகு மோசகாடு’ பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே தமிழில் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’. இரண்டையும் இயக்கியவர் ஒளிப்பதிவாளர் கர்ணன், நாயகன் ஜெய்சங்கர். 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களின் செலவோடு ஒப்பிட்டால் இவை எளிய படங்கள். கேமராவைப் பிடிப்பவரே இயக்குநராக இருந்ததால் துரத்தல் காட்சிகளில் செலவுக்கு மீறிய வேகம் கிடைத்தது. அந்தத் துறையில் கர்ணனுக்கு இணையாக அன்று தமிழில் யாரும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் கதைக்குள் பாட்டு வந்தே ஆகவேண்டும், தமிழ்ப் படமாயிற்றே. இத்தாலியிலிருந்து வந்த பேசாத மனிதன் சங்கர்–கணேஷ் இசையில் வாயசைத்தான். இப்படித்தான் பாடும் கௌபாய் தமிழில் தற்செயலாக உருவானார்: உடை ஓரிடத்திலிருந்து, பாட்டு உள்ளூர் வழக்கத்திலிருந்து, குரல் இன்னொருவரிடமிருந்து. ஜெய்சங்கர் தம் சொந்தக் குரலில் பாடி நாயகனானவர் அல்லர். 1965இல் வந்த அவருடைய முதல் படம் ‘இரவும் பகலும்’. அதில் அவருக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடினார். அதே படத்தில் சொந்தக் குரலில் பாடிய நடிகர் எஸ்.ஏ. அசோகன்!

ஜெய்சங்கரைக் கௌபாய் நடிகர் என்று மட்டும் அடைப்பதும் பொருந்தாது. அவருடைய படப் பட்டியலில் அவை சிறு பகுதி. துப்பறியும் படங்களால் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பட்டமும், அடுத்தடுத்து வெளியான படங்களால் வெள்ளிக்கிழமை நாயகன் என்ற பெயரும் அவருக்கு வந்தன. 1980இல் ‘முரட்டுக் காளை’யில் ரஜினிகாந்துக்கு வில்லனாகி இன்னொரு சுற்றைத் தொடங்கினார், 2000இல் மறைந்தார். கர்ணன் 1989இல் ‘இரட்டைக் குழல் துப்பாக்கி’ எடுத்தார். 2010இல் சிம்புதேவன் இந்த வகையையே கேலியும் பாசமுமாக ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ என்று படமாக்கினார். ராகவா லாரன்ஸ் நடித்த அந்தக் கதையில் நாயகன் காக்கவரும் ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம்.